தப்பான விடைக்கும் ஒரு கணக்கு உண்டு

கல்லூரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லித்தரப் புறப்படும்போது நான் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது அவர்களுடைய சிவப்புப் பேனாவைத்தான். பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும். சிவப்புப் பேனா கையில் இருந்தால் எப்பேர்ப்பட்ட நல்ல பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் வாத்தியார் அருள் வந்துவிடும். நோட்டைப் பிடுங்கி, சுழித்து, பெருக்கல் குறி போட்டு, பக்கத்திலேயே சரியான விடையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்கும். எதிரே இருக்கிற குழந்தை தலையை ஆட்டும். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் பெரியவர்கள் யார் கேட்டாலும் தலையை ஆட்டுவார்கள். அது மரியாதைக்காக. புரிந்ததா என்பது வேறு கதை.

நான் கணிதம் நடத்துகிறவன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என் தலையில். எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சனிக்கிழமைகளிலும் சில சாயங்காலங்களிலும் மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார வைப்பது பல வருடப் பழக்கம். இந்த வேலைக்கு 'சேவை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. இது ஒரு தொழில். தறி ஓட்டுவதைப் போல இதற்கும் கை பழக வேண்டும். பழகாத கை நூலை அறுக்கும்.

கை எதில் பழக வேண்டும் என்பதை ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

நாலாம் வகுப்புப் பெண். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னோம். 35 என்று எழுதினாள். என் மாணவி, இளங்கலை மூன்றாம் ஆண்டு, வாயைத் திறக்கப் போனவள் என்னைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"இத எப்படிம்மா போட்ட? எனக்குச் சொல்லிக் குடு."

"ஏழுல ரெண்டு போனா அஞ்சுக்கா. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு."

"மேல ரெண்டு இருக்கு, கீழதான ஏழு இருக்கு?"

"ரெண்டுல ஏழு எப்படிக்கா போகும்? பெருசுல இருந்துதான் சின்னது போகும்."

இந்தக் கடைசி வரிக்காகத்தான் சிவப்புப் பேனாவை வாங்கி வைக்கிறேன். 'பெருசுல இருந்துதான் சின்னது போகும்' என்பது அவளாக இட்டுக்கட்டியது கிடையாது. முதல் வகுப்பில் யாரோ சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓரிலக்கக் கணக்கு வரைக்கும் அது பொய்த்ததே இல்லை. அந்த விதியை அவள் விசுவாசமாக ஈரிலக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். கவனக்குறைவு என்று அவளைத் திட்டினால் அது அபாண்டம். அவளைவிடக் கவனமாக அந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது.

அடுத்ததாக நாங்கள் செய்வதுதான் என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை. 81-லிருந்து 46 என்று இன்னொரு கணக்கைக் கொடுக்க வேண்டும். குழந்தை போடுவதற்கு முன்பே, அவள் என்ன தப்பு விடை போடுவாள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாணவி 45 என்று எழுதி மடித்தாள். குழந்தையும் 45 என்றே போட்டாள். சரியான விடை 35 என்பது யாருக்கும் தெரியும். 45 வரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் குழந்தையின் தலைக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது பிடிபட்டதாக அர்த்தம்.

இந்த விளையாட்டு என் சொந்தச் சரக்கு இல்லை. 1978-ல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர், குழந்தைகள் கழித்தலில் செய்யும் பிழைகளை வகைவகையாகப் பிரித்து ஒரு பட்டியலே போட்டார்கள். 'பக்கி' என்று ஒரு கணினி விளையாட்டையும் செய்தார்கள். கணினி ஒரு குழந்தையைப் போலத் தப்புத் தப்பாகக் கழிக்கும். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் அது எந்த விதியில் தப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களிடம் கணினி இல்லாவிட்டாலும் தப்புப் போடுகிற அசல் குழந்தைகளே இருக்கிறார்கள்.

ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பிழைகளைப் பிரித்துப் பார்க்கச் சில கணக்குகளைக் கைவசம் வைத்திருப்போம். 300-லிருந்து 148 அதில் ஒன்று. 'பெருசுல இருந்து சின்னது' என்கிற குழந்தை இதற்கு 248 போடும். 'சைபர்ல எதுவும் போகாது' என்று நினைக்கிற குழந்தை 200 போடும். இரண்டுமே தப்புத்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டு பேருக்குமே கேட்காது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதைப் பார்க்க எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது. ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளை உட்கார்வதற்கு நியாயமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த நாலாம் வகுப்புப் பெண்ணின் கதை இன்னும் முடியவில்லை. அவள் அம்மாவோடு கடைக்குப் போகிறவள். மாணவி கேட்டாள்: "அம்பது ரூவாயக் குடுத்து இருபத்தேழு ரூவாய்க்குச் சாமான் வாங்குனா கடைக்காரர் எவ்வளவு தருவாரு?" யோசிக்கவே இல்லை. "இருபத்தி மூணு." எப்படி என்றதற்கு, "இருபத்தேழோட மூணு போட்டா முப்பது, மேக்கொண்டு இருபது" என்றாள். "கூட ரெண்டு ரூவா சில்லறையும் சேத்துக் குடுத்திருந்தா?" "இருபத்தஞ்சு."

மாணவி அந்த 25-ஐ நோட்டில் இருந்த 35-க்குப் பக்கத்தில் எழுதினாள். குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "அது கடைக்கணக்கு. இது பள்ளிக்கூடத்துக் கணக்குக்கா" என்றது.

இதையே பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருக்களில் பார்த்து 1985-ல் எழுதியிருக்கிறார்கள். தெருவில் சாமான் விற்கும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளரைப் போலப் போய் விலை கேட்டார்கள் ஆய்வாளர்கள். நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் எழுதிக் கொடுத்ததும் 37-க்கு இறங்கிவிட்டது. அண்மையில், 2025-ல், கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே நிலை என்று 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. அதில் இன்னொரு பாதியும் உண்டு: பள்ளிக்கூடத்துக் கணக்கை நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். என் முதலாமாண்டு மாணவர்களை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்தேன். வகைக்கெழு போடுவார்கள், பூக்கடையில் கால் கிலோ மல்லிகைக்கு விலை கேட்டால் கைப்பேசியைத் தேடுவார்கள்.

கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நாங்கள் போடும் பாலம் ஒரு வெறும் கோடு. கோட்டின் இடப்பக்கம் 27, வலப்பக்கம் 52. இருபத்தேழிலிருந்து முப்பதுக்கு ஒரு தாவல், ஐம்பதுக்கு ஒரு தாவல், ஐம்பத்திரண்டுக்கு ஒரு தாவல். மூன்று, இருபது, இரண்டு. அவள் மனசில் போட்டது தாளில் வந்துவிடுகிறது. தன் கணக்கும் எழுதக்கூடிய கணக்குத்தான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கட்டைப் பிரித்துக் கழிக்கும் முறைக்கு அதற்குப் பிறகுதான் போகலாம். நேராக அங்கே போனால் ஒரு விதியைப் பிடுங்கிவிட்டு இன்னொரு விதியை நட்டதாகத்தான் ஆகும்.

இந்தக் கிராமங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட சீமை, மழையை நம்பிப் பிழைக்கும் கரிசல். ஐப்பசி மழை பெய்தால் பருத்தி, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, நூறு நாள் வேலை, மில் வேன். திருப்பூருக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் ஆச்சி வீட்டில் வளர்கிறார்கள். மிளகாய் பறிக்கும் காலத்தில் வகுப்பில் ஆள் குறையும், பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் குறையும். 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் அதில் இடம்பிடித்தவை இராமநாதபுரமும் எங்கள் விருதுநகரும்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் இதே மாவட்டம் பல வருடம் முன்வரிசையில் நின்றிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எங்கள் ஆசிரியர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

சின்னப் பள்ளிகளின் சிக்கல் வேறு மாதிரி. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். கிராமத்தில் இருப்பதோ இருபது, முப்பது பிள்ளைகள். ஆகவே ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குக் காலைச் சிற்றுண்டிக் கணக்கு, மதியச் சத்துணவுக் கணக்கு, கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் என்று பாதி நாள் போய்விடும். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்கார வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பில் இருக்கும் ஐந்து பிள்ளைகளும் ஐந்து வெவ்வேறு இடத்தில் நிற்பார்கள். அந்த ஐந்து இடத்தையும் கண்டுபிடித்துச் சொன்னால், 'நீங்க எதுக்கு வந்தீங்க' என்று கேட்ட ஆசிரியரே மறுவாரம் நமக்கு நாற்காலி போடுகிறார்.

சொல்லித்தரப் போகிற கல்லூரிப் பிள்ளைகளும் இந்த மண்ணிலிருந்துதான் வருகிறார்கள். பாதிக்கு மேல் அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள். பெண்களில் பலர் 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை நம்பிப் படிக்கிறவர்கள். 'ஏழைப் பிள்ளைகளுக்கு உதவப் போகிறோம்' என்று மேடையில் யாராவது பேசினால் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பட்டணத்துப் பெரிய கல்லூரிகள் இந்த வேலையைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துச் செய்கின்றன. அங்கிருந்து கிராமத்துக்கு வரும் பிள்ளைக்கு முதல் வாரம் ஊரைப் பார்த்து வியப்பதிலேயே போய்விடும். எங்கள் பிள்ளைகளுக்கு ஊர் புதிதில்லை. அவர்களிடம் இருக்கும் பெரிய முதல், கடன் வாங்கிக் கழித்தலில் தாங்கள் தடுக்கி விழுந்த இடம் இன்னும் மறக்கவில்லை என்பதுதான். எனக்கு அது மறந்து முப்பது வருடம் ஆகிறது.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நமக்குப் பழைய ஏற்பாடு. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைச் சொல்கிறேன். 1789-ல் சென்னையில் இராணுவ அனாதை இல்லப் பள்ளிக்கு மேற்பார்வையாளராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த பையன்களை வைத்தே இளையவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. (மணலை விட்டுவிட்டுக் கரிசலில் எழுதிப் பார்த்திருந்தால் பெல் துரை திட்டத்தையே கைவிட்டிருப்பார். நனைந்தால் விரலோடு வந்துவிடும், காய்ந்தால் விரலே போய்விடும்.)

சட்டாம்பிள்ளை முறையில் ஆள் மிச்சம், செலவு மிச்சம். ஆனால் சட்டாம்பிள்ளை கையில் எப்போதும் பிரம்பு இருந்தது. மனப்பாடம் ஒப்புவித்தானா, இல்லையா என்று மட்டும் பார்ப்பது அவன் வேலை. இன்றைக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனைச் சின்னக் குழந்தைகள் முன்னால் நிறுத்தினால் அவனுக்குள் சட்டாம்பிள்ளைதான் முதலில் எழுந்திருப்பான். அதற்காக நான் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் கொஞ்சம் கெடுபிடியானவை. நிற்கக் கூடாது, குழந்தை உட்காரும் உயரத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார வேண்டும், நோட்டு இருவருக்கும் நேராகத் தெரியும்படி. பென்சில் குழந்தையின் கையை விட்டு நம் கைக்கு வரக் கூடாது. பாடம் நடப்பது பள்ளி வராந்தா, கோயில் முன்வாசல், சமுதாயக்கூடம் என்று நாலு பேர் பார்க்கிற இடமாக இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, ஆணோ பெண்ணோ. இந்தக் கடைசி விதிக்கு விளக்கமும் இல்லை, விலக்கும் இல்லை.

வாசிப்புக்கு வருகிறேன். கணக்கைவிட இது நுட்பம்.

தமிழில் எழுத்து எழுத்தாகச் சொல்லத் தெரிந்த குழந்தைகூட வார்த்தை என்று வந்தால் நின்றுவிடுகிறது. எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பல சமயம் கொம்பில். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். 'ரெ' என்ற எழுத்தில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, ஆனால் அதன் ஒலி 'ர்' என்ற ஒலிக்குப் பிறகு வருகிறது. பார்த்த ஒன்றைக் கொஞ்ச நேரம் நாக்கில் ஏற்றாமல் நிறுத்தி வைக்க வேண்டும். 'கொ' இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் றா, ணா, னா, லை, ளை போன்றவற்றை நேராக்கியது. கொம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உகர வரிசையோ கு, சு, து, டு, மு என்று எழுத்துக்கு எழுத்து வேறு உருவம். பெரியவர்களான நமக்கு இதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை, பழகிவிட்டோம்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். புத்தகத்தைத் திறந்தால் வாயை மூடிக்கொள்வான். ஆனால் பஸ் வந்தால் தூரத்திலேயே "எம்.ரெட்டியபட்டி!" என்று கத்துவான். அவன் அந்தப் பலகையைப் படிக்கவில்லை, முகத்தை அடையாளம் கண்டுகொள்வதைப் போல மொத்தமாகத் தெரிந்து வைத்திருந்தான். என் மாணவன் அந்தப் பெயரை ஒரு அட்டையில் பெரிதாக எழுதினான். பாதியைக் கையால் மறைத்து 'பட்டி' மட்டும் தெரியும்படி காட்டினான். பையன் விழித்தான். பிறகு மெதுவாக, "ப... ட்டி... பட்டி!" என்றான். எங்கள் பக்கம் பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவனே நாலைந்து பட்டிகளை வரிசையாகச் சொல்ல, மாணவன் ஒவ்வொன்றாக எழுதினான். ஒவ்வொன்றின் வாலிலும் அதே 'பட்டி' தொங்குவதைப் பையனே கண்டுபிடித்தான். அடுத்து, மாணவன் முன்பாதியில் கொம்பை மட்டும் விரலால் மறைத்து "இப்ப என்னடா?" என்று கேட்டான். "ரட்டி... ரட்டியபட்டியா?" பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொம்பு என்ன வேலை செய்கிறது என்பது அந்தச் சிரிப்போடு விளங்கிவிட்டது. தெரிந்த ஊர்ப் பெயரில் இது நடந்ததற்குக் காரணம் இருக்கிறது: கண் தப்பாகப் படித்தால் காது உடனே காட்டிக்கொடுத்துவிடும். தெரியாத வார்த்தையில் அந்தக் காவல் இல்லை. ஆப்பிளையும் ஒட்டகச்சிவிங்கியையும் போட்ட அட்டைகளை இலவசமாகக் கொண்டுவந்து தருகிறவர்களிடம் நான் நன்றி சொல்லி வாங்கி, அலமாரியில் அடுக்கி வைத்துவிடுவேன்.

அதற்கு மேல் போக, குழந்தை பேசியதை அப்படியே எழுதிக் கொடுத்து அதையே படிக்கச் சொல்வோம். "எங்க ஆட்டுக்குட்டி நேத்து வேலிக்குள்ள போயி முள்ளு குத்திருச்சு." தமிழிலக்கிய மாணவர்கள் இங்கேதான் முரண்டு பிடிப்பார்கள். "சார், பேச்சுத் தமிழ எழுதிப் பழக்கலாமா?" கரிசலின் பேச்சைக் கொண்டே கோபல்ல கிராமத்தையும் எழுதி, கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தொகுத்த கி.ராஜநாராயணனின் இடைசெவல் இங்கிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை என்று மட்டும் சொல்வேன். 'குத்திவிட்டது' பிறகு வரட்டும். தான் பேசியது தாளில் உட்கார்ந்திருப்பதைக் குழந்தை முதலில் பார்க்கட்டும்.

இதெல்லாம் ஆங்காங்கே நடக்கும் நல்ல காரியம்தானே, பெரிய அளவில் பலன் தருமா என்று என் நண்பர்களே கேட்பதுண்டு. பதில் சொல்லக் கொரோனா ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிட்டது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிகள் மூடிக் கிடந்து, 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறக்கிற வேளையில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், ஒரு தன்னார்வலருக்கு இருபது பேர்வரை, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்க வகுப்புக்கும், பட்டம் பெற்றவர்கள் மேல் வகுப்புக்கும். எங்கள் வட்டாரத்தில் வந்தவர்களில் நிறையப் பேர் கல்லூரியில் படிக்கிற அல்லது படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அதற்கும் முன்பே, 2001 முதல் 2003 வரை, மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களை 'பால்சகி'களாக வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுத்தபோதும் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. பட்டம், பயிற்சி எல்லாம் அதிகமில்லாத பெண்கள். குழந்தை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலை வேறு வடிவம் எடுக்கிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பாடம் சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார். அவனுக்குத் தெரியாதது வழி. எட்டாம் வகுப்பு முடிந்ததும் மகனைக் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கும் அப்பாவிடம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, நடுவில் மாறினால் போய்விடும் என்று ஒரு கல்லூரிப் பையன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் எடுபடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றை அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடைக்காது, வருமானச் சான்றை மே மாதம் இ-சேவை மையத்தில் கூட்டம் சேருமுன் எடுத்துவிட வேண்டும், ஆதாரில் ஒரு மாதிரியும் மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரியும் இனிஷியல் இருந்தால் இப்போதே திருத்த வேண்டும் என்பதெல்லாம் போன வருடம் அலைந்தவனுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். திருச்சுழிக்கு 2021-ல் அரசு கலை அறிவியல் கல்லூரி அறிவிக்கப்பட்ட பிறகு "பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் எப்படி அனுப்புறது" என்ற பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அப்போதும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அம்மாக்களின் முதல் கேள்வி. பதில் சொல்கிற பெண்ணும் அதே பஸ்ஸில் போய் வருகிறவள் என்றால் அடுத்த கேள்வி வருவதில்லை.

இந்தத் தொழிலில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. செமஸ்டர். ஜூலையில் பிள்ளைகள் போக ஆரம்பித்து, ஊரும் முகமும் பழகி, குழந்தை வாயைத் திறக்கும் நேரத்தில் நவம்பர் பரீட்சை வந்துவிடும். மறுபடி தொடங்கினால் மார்ச்சில் உள்மதிப்பீடு, ஏப்ரலில் பரீட்சை. மூன்றாம் ஆண்டு முடிந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் என்று கணக்கு. 1969-ல் தொடங்கிய நாளிலிருந்து மணியைத்தான் எண்ணுகிறோம். எந்தக் குழந்தையிடம் அந்த மணி கழிந்தது என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. புகைப்படம் கேட்கிறார்கள், பதாகையோடு. பதாகை பிடித்துக்கொண்டு நின்றால் 'பெருசுல இருந்துதான் சின்னது போகும்' காதில் விழாது.

இதற்கு நாங்கள் கண்ட கைவைத்தியம், குழந்தைக்கு ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு, குழந்தையின் பெயர் போட்டுப் பள்ளியிலேயே இருக்கும். அதில் மதிப்பெண் எழுதக் கூடாது. 'நன்றாகப் படிக்கிறாள்', 'கவனம் தேவை' என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுதச் சொல்வேன். எந்தக் கணக்குக்கு என்ன விடை சொன்னது, ஏன் அப்படிச் சொன்னது என்று குழந்தையின் வாய்மொழியிலேயே எழுத வேண்டும். கடைசி வருகைக்கு மூன்று வாரம் முன்பே குழந்தையிடம் தேதியைச் சொல்லிவிட வேண்டும், இனிமேல் வரப்போகிறவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் குழந்தை அதற்கும் ஒரு விதி கண்டுபிடித்துக்கொள்ளும், தான் மக்கு என்பதால்தான் அக்கா வரவில்லை என்று. பள்ளிக்கூடத்து ஆயா ஒருவர் சொல்லித்தான் எனக்கே இது தெரியும்.

போன ஆண்டு படிப்பை முடித்துப் போன ஒரு மாணவி, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது இது: 'கட்டைப் பிரிக்கத் தெரிகிறது. 63 – 28 சரி. 514 – 236 சரி. நடுவில் சைபர் வந்தால் அதைத் தாண்டிக் குதித்து, முன்னால் இருக்கிற எண்ணிடம் போய் வாங்குகிறான். சைபர் ஒன்பது ஆகும் என்பது தெரியாது. கேட்டதற்கு, இல்லாதவங்ககிட்ட எப்படிக்கா வாங்குறது, இருக்கிறவங்ககிட்டதான் வாங்கணும் என்றான்.'

ஜூலையில் அந்த நோட்டை வாங்கிய முதலாமாண்டுப் பையன் பஸ்ஸிலேயே அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தான். "சார், 4003-ல இருந்து 1876-ஐக் கழிக்கச் சொன்னா 2127 வரணும். இவன் 237 போடுவான்னு நினைக்கிறேன், சரியா?" பதில் சொல்லாமல் அவனைக் குழந்தையிடம் அனுப்பினேன். 237-தான் வந்தது. "எப்படிறா போட்ட, எனக்குச் சொல்லிக் குடு" என்று அவன் பக்கவாட்டில் உட்கார்ந்தான்.